மார்க்கரில் வரையும் ஃபேன் ஆர்ட்: ஏ4 ஒன்றுக்கு 1,800 ரூபாய் அதிகமா?

கேள்வி, 3 மே 2025

தங்கையின் பிறந்தநாளுக்கு அவளுக்குப் பிடித்த அனிமே பாத்திரத்தை மார்க்கரில் வரைந்து தரச் சொல்லி ஒருவரிடம் கேட்டேன். ஏ4 அளவுக்கு 1,800 ரூபாய், பாதி அட்வான்ஸ், பென்சில் ஸ்கெட்ச்சுக்கு ஓகே சொன்ன பிறகு மாற்றம் கிடையாது என்கிறார். டேப்லெட்டில் வரையும் இன்னொருவர் 900-க்கே முடித்துத் தருகிறார், ஐந்து தடவை திருத்தமும் உண்டு. மார்க்கர் என்றால் ஸ்கெட்ச் பேனாதானே? எதற்கு இவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 மே, இரவு

ஸ்கெட்ச் பேனா இல்லை. பள்ளிக்கூடத்தில் நாம் கிறுக்கியதில் இருந்தது தண்ணீர் மை. இதில் இருப்பது ஆல்கஹாலில் கரைத்த சாயம். 1,800 நியாயமான விலைதான். நான் சென்னையில் இதே வேலை பார்க்கிறேன். ஒரே ஆள், பின்னணி வெள்ளை என்றால் 2,200 கேட்கிறேன். கேட்டதும் ஓடிப்போகிறவர்கள் உண்டு. ஓடிப்போய்த் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

"ஓகே சொன்ன பிறகு மாற்றம் கிடையாது" என்பதுதான் உங்களை உறுத்துகிறது போல. அது திமிர் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

4 மே

மை வேலை செய்யும் விதம் தெரிந்தால் அந்த நிபந்தனை புரிந்துவிடும்.

நுனி காகிதத்தில் பட்டதும் ஆல்கஹால் சாயத்தை இழுத்துக்கொண்டு நாருக்குள் இறங்குகிறது. சற்று நேரத்தில் ஆல்கஹால் ஆவியாகிவிட, சாயம் அங்கேயே தங்கிவிடும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு வந்து சேர்ந்தால் இரண்டும் கலந்து கோடே தெரியாது. ஓரம் காய்ந்த பிறகு வந்தால், மேலே ஏறிய இடம் மட்டும் கருத்து, பட்டை பட்டையாக நிற்கும். அதனால் அங்கியோ பாவாடையோ வானமோ, பெரிய பரப்பு எதுவானாலும் தொடங்கினால் முடிக்கும்வரை கை நிற்கக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும், காலிங் பெல் அடித்தாலும் அடிக்கட்டும்.

இதில் மின்விசிறி பெரிய எதிரி. காற்று பட்டால் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். மே மாதச் சென்னையில் விசிறியை நிறுத்திவிட்டு, ஆல்கஹால் வாடைக்கு ஜன்னலை மட்டும் திறந்துவைத்து, புறங்கைக்கு அடியில் ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்து (வியர்வை ஊறிய இடத்தில் மை ஒழுங்காகப் பிடிக்காது) ஒரு சிவப்பு அங்கியை முடித்துப் பாருங்கள். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பென்சிலை அழிக்கலாம். போஸ்டர் கலர் மேலே இன்னொரு கலர் பூசி மறைக்கலாம். மார்க்கரில் ரெண்டும் நடக்காது. மை ஒளி ஊடுருவும் மை, அடியில் இருப்பது மேலே தெரிந்துகொண்டே இருக்கும். "நிறமில்லா பிளெண்டர் வைத்து அழிக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். அதற்குள் இருப்பது சாயம் இல்லாத வெறும் கரைப்பான். சாயத்தை அது ஓரமாகத் தள்ளும், காகிதத்தின் பின்பக்கத்துக்கு இறக்கும், போக்காது. வழிந்த ஒரு புள்ளியை வெளிறச் செய்யலாம், அவ்வளவுதான்.

டேப்லெட்காரர் ஐந்து திருத்தம் தருகிறார் என்றால் ஐந்து தடவை ஒரு லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை மட்டும், தொடுகிறார். மார்க்கரில் ஒரே ஒரு திருத்தம் என்றாலும் முதலிலிருந்து வேறு ஒரு படம் வரைய வேண்டும். அவர் சோம்பேறி என்று சொல்லவில்லை, அவருடைய வேலையில் முடிவுகளைத் தள்ளிப்போட இடமிருக்கிறது. எங்களுக்கு மை தொடுவதற்கு முன்னாலேயே எல்லா முடிவும் எடுத்தாக வேண்டும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த முடிவுகளுக்குத்தான்.

4 மே, கொஞ்ச நேரம் கழித்து

பேனாக்களின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த உலகத்தில் எல்லோரும் பெயர் சொல்வது காப்பிக். டோக்கியோவின் டூ நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. இன்று 358 நிறங்கள். மை தீர்ந்தால் 12 மில்லி குப்பி வாங்கி ஊற்றிக்கொள்ளலாம், நுனி தேய்ந்தால் இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறு நுனி செருகலாம். நம்ம ஊர் விலையில் 'காப்பிக் ஸ்கெட்ச்' ரகப் பேனா ஒன்று வாங்கும் காசுக்குப் பிரஸ்ட்ரோ மாதிரி உள்ளூர் மார்க்கர் அரை டஜன் கிடைக்கும்.

358-ம் என்னிடம் இல்லை. யாரிடமாவது எல்லாம் இருக்கிறது என்றால் அவர் வரைகிறவரா சேர்க்கிறவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் பெட்டியில் தோல், முடி, சாம்பல் மூன்றுக்கும் காப்பிக். உடை, பின்னணிக்குக் கிடைத்தது எல்லாம். ஆல்கஹால் மை ஒன்றோடு ஒன்று கலக்கும், கம்பெனி பார்க்காது.

6 மே

"எண்ணைப் பார்த்தே எந்தக் கலர் எதோடு சேரும் என்று எப்படித் தெரிகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

காப்பிக் பேனாவில் இருக்கும் எழுத்து நிறக் குடும்பம். முதல் எண் எவ்வளவு மங்கல் என்று சொல்லும், கூடக்கூட சாம்பல் பக்கம் போகும். கடைசி எண் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். பி32, பி34, பி37 என்று எடுத்தால் ஒரே நீலம், மூன்று படி. எழுத்தும் முதல் எண்ணும் ஒன்றாக இருந்து, கடைசி எண் ரெண்டு மூன்று படி தள்ளியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கலக்கலாம். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் வரையப்போகும் அதே காகிதத்தில் ஒவ்வொரு பேனாவையும் தேய்த்து, எண் எழுதி, ஒரு அட்டவணை செய்துகொள்ளுங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்தபின் வெளிறும், அதனால் காய்ந்ததைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

6 மே, மாலை

தோல் நிறம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கக்காரர்களுக்கு 'ஸ்கின்' என்று பெயர் போட்டு விற்கும் செட்டுகளில் பெரும்பாலும் வெளிர் நிறம்தான். ஈ00, ஈ11, ஈ13 (ஈ என்றால் பழுப்புக் குடும்பம்) வைத்துக்கொண்டு அனிமே பையனுக்கு முகம் போட்டுவிடலாம். ஆனால் என்னிடம் வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் "எங்க அண்ணனையும் அந்த ஹீரோவையும் தோளில் கை போட்டு நிற்கிற மாதிரி" ரகம். அண்ணன் நம்ம ஊர் மாநிறம்.

மாநிறத்துக்கு நான் எடுப்பது ஈ33, ஈ35, ஈ37. இன்னும் கருப்பென்றால் ஈ25, ஈ27, ஈ29. நிழலுக்கு அதே பழுப்பில் இன்னும் அடர்த்தி என்று போனால் முகம் மண் பொம்மை மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் கழுத்துக்கு அடியில், கண்குழியில், மூக்கின் பக்கவாட்டில் முதலில் பிவி23 வைக்கிறேன். சாம்பல் கலந்த ஊதா அது. காயவிட்டு அதன்மேல் பழுப்பு ஏறும்போது நிழல் குளிர்ந்து உள்ளே போகும், வெளிச்சம் பட்ட கன்னம் தானாக முன்னே வரும். கன்னச் சிவப்புக்கு ரோஜா நிறம் இந்தத் தோலில் எடுபடாது. ஈ09-ஐ லேசாகத் தொட்டுவிட்டு, ஓரத்தை அடித்தள நிறத்தாலேயே கரைத்துவிடுவேன்.

இவ்வளவும் செய்து, ஸ்கெட்ச் ஓரத்தில் நிறப்பட்டை போட்டு அனுப்பினால் பதில் வரும்: "கொஞ்சம் கலரா போடுங்க மேடம்."

முன்பெல்லாம் வாதாடுவேன். இப்போது பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லி, பட்டையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒரு படி இறக்குவேன், ரெண்டாவது படி இறக்க மாட்டேன். அந்த ஹீரோவின் பச்சை முடியை அப்படியே ஏற்றுக்கொள்கிறவருக்குத் தம்பியின் பழுப்பு மட்டும் ஏன் இடிக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

7 மே

ஆமாம், நேற்று அண்ணன் என்று தொடங்கித் தம்பியில் முடித்திருக்கிறேன். ரெண்டு பேருக்குமே வரைந்திருக்கிறேன், ரெண்டு வீட்டிலும் அதே பேச்சுதான்.

11 மே

காகிதம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

வழவழப்பாக இருக்க வேண்டும், மையைச் சட்டென்று உறிஞ்சிப் பரப்பக் கூடாது. வாட்டர்கலர் தாள் சொரசொரப்பு, பேனா நுனியைத் தின்றுவிடும். சாதாரண 75 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு) ஜெராக்ஸ் தாளில் மை கோட்டைத் தாண்டி ஓடும். மார்க்கர் பேடு என்று தனியாக விற்பது நல்லதுதான், பின்பக்கம் இறங்காது, ஆனால் மெல்லிசு. பரிசாகக் கொடுக்கும்போது கையில் எடுத்தால் கனமே இருக்காது. காசு கொடுத்தவர் கனம் பார்ப்பார்.

என் வழி, பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக்காரர்களும் காகித வியாபாரிகளும் நெருக்கியடிக்கும் தெரு அது. 250 ஜிஎஸ்எம் பக்கம் ஐவரி போர்டு என்ற வழவழப்பான அட்டையை மொத்தமாக வாங்கி, அங்கேயே ஏ4-க்கு வெட்டி வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரே ஒரு தாளை வாங்கி, கடை வாசலிலேயே ஒரு அடர் சிவப்பைத் தேய்த்துப் பார்ப்பேன். மை முடி முடியாகப் பிரிந்து ஓடினால் அந்தக் கட்டு வேண்டாம். கடைக்காரருக்கு இப்போது என் முகம் பழகிவிட்டது, "சிவப்பு கொண்டாந்தீங்களா" என்றுதான் கேட்பார்.

ஐவரி போர்டில் ஒரே இடத்தில் ரெண்டு தடவை மை பூசலாம், மூன்று தடவை தாங்கும். அதற்கு மேல் காகிதம் நிரம்பிவிடும். நிரம்பிய காகிதத்தில் புது மை உள்ளே போக இடமில்லாமல் பக்கவாட்டில் தேங்கும். நல்ல பிரிஸ்டல் போர்டு என்றால் இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகத் தாங்கும், ஆனால் நம் ஆர்டர் விலையில் அது கட்டுப்படியாகாது.

வெளிக்கோடு நீர்புகா நிறமி மையாக இருக்க வேண்டும். பிக்மா மைக்ரான், யூனி பின் என்ற பேனாக்களின் மை காய்ந்துவிட்டால் ஆல்கஹாலுக்கு அசையாது. ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். வெள்ளை ஜெல் பேனாவுக்கு மட்டும் விலக்கு. கண்ணில் ஒளிப்புள்ளி வைக்க எல்லாம் முடிந்து கடைசியில். அதன்மேல் மார்க்கர் போனால் வெள்ளை கரைந்து நுனி பாழாகும்.

12 மே

பென்சில் ஸ்கெட்ச்சை ஸ்கேன் செய்து, கோட்டை மட்டும் ஐவரி போர்டில் லேசர் பிரிண்ட் எடுத்து அதன்மேல் கலர் செய்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு இன்னொருவர் "அது ஒரிஜினலே இல்லை, ஏமாற்று" என்று பாய்ந்திருக்கிறார்.

காப்பிக் பிறந்ததே இதற்குத்தான். வடிவமைப்பாளர்கள் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலின்மேல் கலர் செய்வார்கள். டோனரை, அதாவது ஜெராக்ஸின் கருப்புப் பொடியை, கரைக்காத மை வேண்டும் என்று செய்யப்பட்ட பேனா, பெயரே காப்பியிலிருந்து வந்தது. கலர் கெட்டால் இன்னொரு நகல். என்னைக் கேட்டால் புத்திசாலித்தனமான வழி.

ஆனால் கமிஷனில், அதாவது காசு வாங்கி ஒருவர் கேட்டதை வரைந்து தரும் வேலையில், அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். கையால் மை போட்ட கோடு, பிரிண்ட் கோடு என்று இரண்டுக்கும் தனி விலை வைத்துக்கொள்ளலாம். சொல்லாமல் செய்தால் பாய்ந்தவர் பக்கமே நானும் நிற்பேன். இங்க்ஜெட்டில் பிரிண்ட் எடுக்காதீர்கள், மை கசிய வாய்ப்பு அதிகம். லேசர் பிரிண்டும் கடைக்குக் கடை மாறும், ஒரு மூலையில் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

14 மே

கேள்வி கேட்டவர் ஆர்டர் கொடுத்துவிட்டாராம், வாழ்த்துகள். இப்போது "கலர் முடிந்த படத்தை அனுப்பினார், கண் நிறம் தங்கைக்குப் பிடிக்காது என்று தோன்றுகிறது, மாற்றச் சொல்லலாமா" என்கிறார்.

எந்தப் பக்கம் மாற்றம் என்பதைப் பொறுத்தது. இளநீலத்தை அடர் பழுப்பாக்கச் சொன்னால் முடியும், இருட்டும் பக்கம் எப்போதும் வழியுண்டு. பழுப்பை நீலமாக்கச் சொன்னால் முடியாது. அதேபோல முடியில் இன்னும் நிழல் சேர்க்கலாம், இருக்கும் நிழலை எடுக்க முடியாது. வெள்ளை விட்டிருந்த இடத்தில் நிறம் ஏற்றலாம். நிறம் ஏற்றிய இடத்தை வெள்ளையாக்க வேண்டுமென்றால் ஜெல் பேனாதான், அதுவும் நகக்கண் அளவுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், கூடுதலாக நூறு இருநூறும் கொடுங்கள். ஸ்கெட்ச்சுக்கு ஓகே சொன்னபோது கண் நிறம் எழுதியிருந்ததா என்று ஒருமுறை பழைய செய்திகளைப் புரட்டிவிட்டுப் போங்கள்.

18 மே

அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தைக் காசுக்கு வரைவது சட்டப்படி சரியா என்று கேட்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, வரைகிறவள். நான் புரிந்துவைத்திருப்பதை எழுதுகிறேன்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. அதில் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட உபயோகத்துக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில் நீங்களே வரைந்து மாட்டிக்கொண்டால் அந்த நிழலில் நிற்கலாம். காசு வாங்கி வரைகிற எனக்கு அது பொருந்தாது என்றே எடுத்துக்கொள்கிறேன். நடைமுறையில் ஒற்றைப் படம் வரைகிறவரைத் தேடி யாரும் வருவதில்லை. அச்சடித்து நூற்றுக்கணக்கில் விற்றால் வருவார்கள். அதனால் என் எல்லை, ஒரு ஆளுக்கு ஒரு ஒரிஜினல், பிரிண்ட் போட்டு விற்பதில்லை, டி-ஷர்ட் இல்லை.

ஜப்பானில் ரசிகர் படைப்புக்கு ஒரு நீண்ட பழக்கம் இருக்கிறது. டோக்கியோவில் காமிக்கெட் என்ற ரசிகர் படைப்புச் சந்தை முதல் தடவை கூடியது 1975 டிசம்பர் 21-ல், 32 குழுக்களோடு. ரசிகர்கள் ஸ்கெட்ச் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் வரைபவரிடம் நீட்டி ஒரு பக்கம் வரைந்து வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அதற்காக உரிமையே கிடையாது என்று அர்த்தமில்லை. பச்சையும் கருப்புமாகச் சதுரக் கட்டம் போட்ட அங்கி போடும் வாள்காரப் பையன், 'டெமன் ஸ்லேயர்' அனிமேயின் தஞ்சிரோவைத் தெரியும்தானே? 2020-ல் அவன் கதையை வெளியிடும் பதிப்பகம் அந்தக் கட்டத்தையே வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. சதுரக் கட்டம் ஜப்பானில் காலங்காலமாக எல்லோரும் நெய்கிற பொது வடிவம் என்பதால் 2021-ல் மறுக்கப்பட்டது. கூட அனுப்பிய வேறு சில பாத்திரங்களின் அங்கி வடிவங்கள் பதிவாகிவிட்டன.

அந்தக் கட்டத்தை மார்க்கரில் போடுவது தனி நரகம். பச்சையை முதலில் முழுக்கப் பூசி, காயவிட்டு, கருப்பை ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்ப வேண்டும், துணி மடிப்பில் கட்டமும் மடிய வேண்டும். அதற்கு நான் தனியாக 400 வாங்குகிறேன். யாரும் பேரம் பேசினதில்லை, அந்தப் பையனின் ரசிகர்களுக்குக் கட்டத்தின் கஷ்டம் தெரிந்திருக்கிறது.

19 மே

"வந்தியத்தேவன், நந்தினி எல்லாம் வரையலாமா, கல்கி நாட்டுடைமைதானே" என்ற கேள்விக்கு: எழுத்தைப் பொறுத்தவரை ஆமாம். கல்கி மறைந்தது 1954, நம் சட்டப்படி அறுபது ஆண்டுக் கணக்கும் 2014-லேயே முடிந்துவிட்டது. ஆனால் நந்தினி என்றதும் உங்கள் கண்முன் வருவது பொன்னியின் செல்வனுக்கு ஓவியர் மணியம் வரைந்த நந்தினி. அந்தக் கொண்டை, அந்தக் கழுத்து, அந்தப் பார்வை. ஓவியத்துக்குக் கணக்கு ஓவியர் மறைந்த ஆண்டிலிருந்து தனியாக ஓடும். ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்குக் கதையில் உள்ள வர்ணனையிலிருந்து புதிதாக வரைகிறேன். "இது நந்தினி மாதிரியே இல்லையே" என்ற புகார் கட்டாயம் வரும். வரட்டும்.

நடிகர்கள் வேறு விஷயம். ரஜினி தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக ஒரு இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போய், 2015-ல் தடை வாங்கினார். அது வணிகப் படம். உங்கள் மாமாவுக்கு நீங்கள் கொடுக்கும் ஏ4 அந்த ரகம் இல்லை.

19 மே, இரவு

ரஜினி என்று எழுதியதும் இழை தடம் மாறிவிட்டது, பார்த்தேன். நானும் கொஞ்சம் மாற்றுகிறேன்.

ஃபேன் ஆர்ட் கமிஷன் ஏதோ ஜப்பானிலிருந்து வந்தது போலப் பேசுகிறோம். அண்ணா சாலையில் தியேட்டர் முன்னால் நின்ற கையால் வரைந்த பேனர்கள் என்ன? ரசிகர் மன்றம் காசு திரட்டி, பேனர் ஆர்ட்டிஸ்டிடம் ஸ்டில் போட்டோ கொடுத்து, "தலைவர் முகம் பளிச்சுனு வரணும்" என்று சொல்லி வாங்கினால் அது கமிஷன் இல்லாமல் வேறென்ன? போட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றுவார்கள். முகத்தில் நிழலுக்குப் பச்சையும் நீலமும் ஊதாவும் தைரியமாக வைப்பார்கள். பக்கத்தில் பார்த்தால் திட்டுத்திட்டாகத் தெரியும், எதிர்ப்பக்க பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் ஆள் உயிரோடு நிற்பார். 2000-களில் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்டுவிட்டது.

மேலே பிவி23 பற்றி எழுதினேனே, ஊதா நிழல் பழக்கம் மார்க்கர் வீடியோ எதிலும் பார்த்து வந்ததில்லை. சின்ன வயதில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த அந்த முகங்களிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன்.

25 மே

படம் நாளடைவில் வெளுத்துப்போகும் விஷயம். இதை ஆர்டர் வாங்கும்போதே சொல்லாதவர்கள் நிறைய, நான் எழுத்திலேயே அனுப்புகிறேன்.

ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது சாயம். வெயில் பட்டால் வெளுக்கும், எந்தக் கம்பெனி ஆனாலும். பளீரென்று ஒளிரும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் முதலில் போகும். ஹாலில் ஜன்னலுக்கு எதிரில் மாட்டாதீர்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) வைத்து ஃப்ரேம் போடச் சொல்லுங்கள். புற ஊதாக்கதிர் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது, அதுவும் வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

அப்புறம் லேமினேஷன். நம்ம ஊரில் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை கையில் கிடைத்ததெல்லாம் லேமினேட் ஆகிவிடும். தயவுசெய்து ஒரிஜினலை அந்த மெஷினுக்குள் விடாதீர்கள். சூடும் பசையும் சேர்ந்து ஒட்டிவிட்டால் காகிதத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது, சாதாரண பிளாஸ்டிக் வெயிலையும் தடுக்காது. என் வாடிக்கையாளர் ஒருவர் ஆசை ஆசையாக லேமினேட் செய்து, போட்டோ எடுத்து, "எப்படி மேடம்" என்று அனுப்பினார். ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து முகமே தெரியவில்லை. "சூப்பர்" என்று பதில் போட்டேன், வேறென்ன செய்ய.

படம் கையில் இருக்கும்போதே ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈ00 மாதிரி வெளிர் தோல் நிறங்களை ஸ்கேனர் வெள்ளை என்று எண்ணி விழுங்கிவிடும். பொழுது ஏறிய பிறகு, நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் எடுத்த போட்டோ பல சமயம் ஸ்கேனைவிட உண்மையாக இருக்கும்.

2 ஜூன்

2025 மார்ச்சில் ஏஐ வைத்து எல்லோரும் குடும்பப் போட்டோவை ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டூடியோ பாணியில் மாற்றிப் போட்டார்கள் அல்லவா? அதன் வால் இன்னும் என் இன்பாக்ஸில் ஆடுகிறது. "இந்தப் படத்தை அப்படியே மார்க்கரில் வரைஞ்சு தாங்க."

அப்படியே வரைவதில்லை. சட்டை பொத்தான்கள் ஒரு பக்கம் ஐந்து, ஒரு பக்கம் நான்கு. பாட்டியின் கை சோபாவுக்குள் போய்விடுகிறது. வெளிச்சம் இடதிலிருந்து வர, நிழலும் இடதில் விழுகிறது. மார்க்கரில் முதல் கேள்வியே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான், ஏனென்றால் வெள்ளைக் காகிதத்தை எங்கே விட்டுவைக்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். அந்தப் பதில் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு நான் பேனாவைத் திறக்கவே முடியாது. அசல் போட்டோவைக் கேட்டு வாங்குவேன். கொடுத்தால் வேலை நடக்கும்.

இன்னொன்று, அந்த ஸ்டூடியோவின் பின்னணிகள் போஸ்டர் கலரில் தீட்டியவை. ஈரமான மேகத்தின் ஓரம், புல்லின் மேல் புல், எல்லாம் அடர்ந்த வண்ணம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து வருவது. ஊடுருவும் மையில் அடர்பச்சையின்மேல் இளம்பச்சைப் புல் வைக்க முடியாது. இளம்பச்சையை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடர்பச்சையை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு புல்லாக. அதற்கு என்ன விலை சொன்னாலும் எனக்குக் கட்டுப்படியாகாது, அந்த ஆர்டரைப் போஸ்டர் கலர் செய்கிற தோழிக்குத் தள்ளிவிடுகிறேன்.

9 ஜூன்

ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "அக்கா, இப்போதுதான் ஆர்டர் எடுக்கத் தொடங்குகிறேன். 2024-ல் சென்னைக்கு காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா வந்தபோது டிரேட் சென்டரில் வரைபவர்களின் மேசைகளைப் பார்த்து ஆசை வந்தது. விலை எப்படி வைப்பது?"

முதலில் மேசை ஆசையைக் கொஞ்சம் தள்ளிவை. கூட்டத்துக்கு நடுவில், ஏசி காற்று முகத்தில் அடிக்க, ஆட்கள் தோள்மேல் எட்டிப் பார்க்க மார்க்கர் போடுவது வேறு வித்தை. அங்கே போனால் சின்ன அட்டை, மார்பளவு, ரெண்டு மூன்று நிறம் என்று நிறுத்திக்கொள்.

விலைக்கு மணிக்கணக்கு பார்க்காதே, தொடக்கத்தில் நீ மெதுவாகத்தான் செய்வாய், அதற்கு வாங்குபவர் காசு தர மாட்டார். வேலையை இரண்டாகப் பிரி. ஸ்கெட்ச்சுக்குத் தனி விலை, கலருக்குத் தனி விலை. ஸ்கெட்ச் விலையை முன்னாலேயே வாங்கிவிடு, அது திரும்பாது என்று சொல்லிவிடு. அந்த நிலையில் இரண்டு திருத்தம் தாராளமாகக் கொடு, மூன்றாவதற்கு காசு கேள். ஸ்கெட்ச்சோடு கூடவே நிறப்பட்டை: தோல், முடி, கண், உடை, ஒவ்வொன்றுக்கும் நீ வைக்கப்போகும் நிறத்தைச் சின்னச் சதுரமாகத் தேய்த்து, பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. வெளிச்சம் வரும் பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி போடு. "ஓகே" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் ஏற்காதே, "முடி கருநீலம் ஓகே, கண் பழுப்பு ஓகே" என்று எழுதி வாங்கு. நச்சரிக்கிறாள் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கலர் விலையில் காகிதம், மை, நுனித் தேய்மானம் எல்லாம் சேர வேண்டும். கூரியரைத் தனியாக வாங்கு. இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறை, வெளியே இன்னொன்று. எனக்கு ஒருமுறை பார்சல் நடுவில் மடிந்து போய்ச் சேர்ந்தது, "மடிக்காதீர்" என்று சிவப்பில் எழுதிய எழுத்துக்கு நேர் மேலே மடித்திருந்தார்கள். அதிலிருந்து அட்டைக்குப் பதில் மெல்லிய பிளைவுட் துண்டு வைக்கிறேன். எடை கூடும், முப்பது நாற்பது ரூபாய் சேரும், வாங்குபவரிடம் சொல்லியே வாங்கிவிடு.